எட்டாம் நாளும் ஓட வேண்டும்: கூகுள் ஷீட்டை உங்கள் பைத்தன் புரோகிராமோடு பாதுகாப்பாக இணைப்பது எப்படி

கிளிநொச்சி மாவட்டத்தில் வட்டக்கச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்கு, சந்தாவும் வாய்க்கால் துப்புரவுக் காசும் பதிய ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் ஐயா தன் மடிக்கணினியில் பெயரையும் தொகையையும் தட்டினால் அது கூகுள் ஷீட்டில் போய் விழும். தலைவரும் செயலாளரும் தங்கள் போனில் பார்ப்பார்கள். முதல் வாரம் நன்றாக ஓடியது. எட்டாம் நாள் காலை, காசு கட்ட ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில் புரோகிராம் நின்றது. திரையின் கடைசி வரியில் 'இன்வாலிட் கிராண்ட்' (அனுமதி செல்லாது) என்று இருந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மேசை லாச்சியைத் திறந்து பழைய கொப்பியை எடுத்து, பேனையை உதறி, எழுதத் தொடங்கினார்.

அந்தக் கொப்பியைத் திரும்ப மூடி வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. புரோகிராமில் பிழை இருக்கவில்லை. கூகுளிடம் அனுமதி வாங்கித் தரும் லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) நான் சரியாக விளங்கிக்கொள்ளாமல் போட்டிருந்தேன். வவுனியாவிலோ அறிவியல் நகரிலோ படித்துவிட்டு, ஊரில் ஒரு சங்கத்துக்கோ கடைக்கோ இப்படி ஒன்று செய்து கொடுக்க நினைக்கிற தம்பி தங்கைகள் அந்த மூன்று வாரத்தை இழக்கக் கூடாது.

பைத்தன் அடிப்படை தெரிந்தால் போதும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்க முதல் ஒன்றை மனதில் வையுங்கள். களஞ்சியத்திலிருந்து பத்து மூட்டை நெல் எடுத்துவர ஓர் ஆளை அனுப்பினால் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட மாட்டோம். 'இவரிடம் பத்து மூட்டை கொடுக்கவும்' என்று துண்டு எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புவோம். ஓஆத் 2.0 என்பது அந்தத் துண்டு. கடவுச்சொல் கூகுளுக்கு மட்டும் தெரியும். உங்கள் புரோகிராமுக்குக் கிடைப்பது டோக்கன் என்ற துண்டு. அந்தத் துண்டை வாங்கித் தரும் வேலையைத்தான் 'கூகுள் ஆத் ஓஆத்லிப்' என்ற லைப்ரரி செய்கிறது. காலம் முடிந்தால் புதுப்பிப்பது அதோடு சேர்ந்து இறங்கும் 'கூகுள் ஆத்' லைப்ரரி; பத்திரப்படுத்துவது உங்கள் நிரலின் வேலை.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அமைப்பின் பெயரில் ஒரு கூகுள் கணக்கு. உங்கள் சொந்தக் கணக்கில் தொடங்காதீர்கள். நான் தொடங்கினேன், பிறகு எல்லாவற்றையும் அடியிலிருந்து திரும்பச் செய்ய வேண்டி வந்தது. நீங்கள் நாளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம், கணக்கு ஊரில் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். சிக்னல் ஒரு கோடு நிற்கிற இடத்தில் குறியீடு வந்து சேர முதல் நேரம் முடிந்துவிடும். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்துக் குறியீடுகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அதை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, அமைப்பின் ஆவணங்கள் இருக்கிற பெட்டியில் வையுங்கள். மடிக்கணினிப் பைக்குள் வேண்டாம்.

கூட்ட அறிக்கையிலும் ஒரு வரி எழுதுவியுங்கள்: கணக்கு யார் பொறுப்பில், மீட்பு எண் யாருடையது, ஷீட்டை யார் யார் பார்க்கலாம். கூகுள் இதைக் கேட்காது. ஆனால் காசுக் கணக்கு என்று வந்தபின் அடுத்த பொதுக்கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், அப்போது காட்ட ஓர் எழுத்து வேண்டும்.

2. செலவும் நேரமும்

கூகுள் ஷீட்ஸ் ஏபிஐக்கு (புரோகிராம் ஷீட்டோடு பேசுகிற வாசல்) கட்டணம் இல்லை. கடன் அட்டை கேட்டு ஒரு திரை வந்தால் அது இலவச சோதனைக் கால அழைப்பு. இந்த வேலைக்கு அது தேவையில்லை, தாண்டிப் போங்கள். வரம்பு என்று பார்த்தால், ஒரு புராஜெக்டுக்கு நிமிடத்துக்கு 300 வாசிப்பு, ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60. எழுதுவதற்கும் அதே அளவு தனியாக உண்டு. ஒரு சங்கத்துக்கு இது தாராளம்.

உண்மையான செலவு டேட்டா. பைத்தன் நிறுவி முப்பது மெகாபைட்டுக்குள் முடியும், கூகுளின் ஏபிஐ லைப்ரரி தனியாகவே பத்து மெகாபைட்டைத் தாண்டும். போன் ஹொட்ஸ்பொட்டில் இறக்கும்போது பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. அதற்கு அடுத்த பகுதியில் வழி சொல்கிறேன். நேரம் என்று கேட்டால், எல்லாம் கையில் இருந்தால் அரை நாள்.

3. லைப்ரரியை நிறுவுதல்

பைத்தன் 3.10.7 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில் 'பாத்'தில் சேர்க்கச் சொல்லும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணாமல் போனால் பிறகு 'பைத்தன்' என்று தட்டும்போது அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும்.

அடுத்து, புரோகிராமுக்கென்று ஒரு போல்டர், அதற்குள் ஒரு தனிச் சூழல்: 'பைத்தன் மைனஸ் எம் வென்வ் சூழல்'. (கடைசிச் சொல் நீங்கள் வைக்கும் பெயர்.) அதை இயக்கப் பவர்ஷெல்லில் முயன்றால் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று மறிக்கலாம். பாதுகாப்பு அமைப்பை மாற்றப் போகாதீர்கள். சாதாரண 'சிஎம்டி' திரையைத் திறந்து அங்கே இயக்குங்கள், மறிக்காது.

பிறகு 'பிப் இன்ஸ்டால்' ('பிப்' என்பது பைத்தன் பொதிகளை நிறுவும் கருவி) என்று தட்டி மூன்று பெயர்களை இடைவெளி விட்டுக் கொடுங்கள்: கூகுள்-ஏபிஐ-பைத்தன்-க்ளையண்ட், கூகுள்-ஆத்-எச்டிடிபிலிப்2, கூகுள்-ஆத்-ஓஆத்லிப். எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள். பைத்தன் களஞ்சியத்தில் யாரும் எந்தப் பெயரிலும் பொதி ஏற்றலாம். பிரபலமான பெயருக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பெயர் வைத்துத் திருட்டு நிரலை ஏற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அனுமதி லைப்ரரியிலேயே அப்படி ஏமாந்தால் துண்டும் போகும், திறப்பும் போகும்.

டேட்டாவுக்கு வழி இதுதான். நல்ல இணைப்புள்ள இடத்தில், கிளிநொச்சி நகரத்தில் ஒரு நண்பர் வீட்டிலோ நூலகத்திலோ, 'பிப் டவுன்லோட் மைனஸ் டி' என்று போட்டு ஒரு போல்டர் பெயரும் அந்த மூன்று பொதிப் பெயர்களும் கொடுங்கள். துணைப் பொதிகளும் சேர்ந்து இறங்கும். பென்டிரைவில் கொண்டுபோய் 'பிப் இன்ஸ்டால்' உடன் 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு தெரிவுகளையும் சேர்த்தால் இணையமே இல்லாமல் நிறுவலாம். ஒரு நிபந்தனை: இரண்டு கணினியிலும் விண்டோஸ் வகையும் பைத்தன் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. கூகுள் பக்கத்தில் செய்ய வேண்டியது

கூகுள் கிளவுட் கன்சோலில் (நிரல் எழுதுபவர்களுக்கான கூகுளின் நிர்வாகப் பக்கம்) நுழைந்து புதிய புராஜெக்ட் ஒன்று தொடங்குங்கள். ஏபிஐ நூலகத்தில் 'கூகுள் ஷீட்ஸ் ஏபிஐ'யைத் தேடி 'எனேபிள்' பண்ணுங்கள். இதை மறந்தால் பின்னால் 403 பிழை வரும்.

அடுத்தது அனுமதித் திரை. பழைய காணொளிகளில் 'ஓஆத் கன்சென்ட் ஸ்கிரீன்' என்று ஒரே பக்கமாகக் காட்டுவார்கள். இப்போது அது 'கூகுள் ஆத் பிளாட்ஃபார்ம்' என்று மாறி, பிராண்டிங், ஆடியன்ஸ், கிளையண்ட்ஸ், டேட்டா அக்சஸ் என்று பிரிந்து கிடக்கிறது. படம் வேறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். புரோகிராமின் பெயரும் மின்னஞ்சலும் கொடுங்கள். லோகோ போடாதீர்கள், அழகுக்கு ஒரு நெற்கதிர்ப் படம் போட்டாலும் அதற்குத் தனிச் சரிபார்ப்புக் கேட்கும்.

'இன்டர்னல்', 'எக்ஸ்டர்னல்' என்று ஒரு கேள்வி வரும். 'இன்டர்னல்' கட்டணம் கட்டுகிற வொர்க்ஸ்பேஸ் நிறுவனங்களுக்கு. சாதாரண ஜிமெயில் கணக்குக்கு 'எக்ஸ்டர்னல்'தான்.

பிறகு 'கிளையண்ட்ஸ்' பகுதியில் புதியது ஒன்று. வகை கேட்கும்போது 'டெஸ்க்டாப் ஆப்' என்று தெரிவு செய்யுங்கள். பெயரைப் பார்த்து 'வெப் அப்ளிகேஷன்' எடுத்தால், அனுமதி கொடுக்கும் நேரத்தில் 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மாட்ச்' என்று 400 பிழை வரும். எனக்கு அதிலேயே ஒரு பின்னேரம் போனது. உருவானவுடன் ஜேசன் கோப்பை (விவரங்களை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு வகை) அந்த இடத்திலேயே இறக்கி, 'கிரெடென்ஷியல்ஸ்.ஜேசன்' என்று பெயர் மாற்றிப் புரோகிராம் போல்டருக்குள் போடுங்கள். பிறகு வந்து எடுக்கலாம் என்று திரையை மூடாதீர்கள்.

5. எவ்வளவு அனுமதி கேட்பது

இங்கே அவசரப்படாதீர்கள். புரோகிராம் எதைத் தொடலாம் என்பதை 'ஸ்கோப்' என்ற முகவரி வரி தீர்மானிக்கிறது. இணையத்தில் கிடைக்கிற மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 'ஸ்ப்ரெட்ஷீட்ஸ்' என்ற ஸ்கோப்தான் இருக்கும். அந்தக் கணக்கில் உள்ள எல்லா ஷீட்டையும் திறக்கவும் மாற்றவும் அழிக்கவும் அது அனுமதி கேட்கிறது. சிலர் 'டிரைவ்' என்று முழு டிரைவையே கேட்கிறார்கள். களஞ்சியத் திறப்பையே கொடுத்துவிடுகிற வேலை அது.

நமக்குத் தேவை 'டிரைவ்.ஃபைல்' என்ற ஸ்கோப். புரோகிராம் தானே உருவாக்கிய கோப்புகளையும் பயனர் தெரிந்து கையளித்த கோப்புகளையும் மட்டும் தொட இது விடும். பாதுகாப்புக்கு அப்பால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. கூகுள் தன் ஸ்கோப்புகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஸ்ப்ரெட்ஷீட்ஸ்' உணர்திறன் உள்ள வகை. அதைப் பொதுவில் பயன்படுத்தினால் கூகுளின் சரிபார்ப்பு வேண்டும், அதற்கு சொந்த இணைய முகவரி, தனியுரிமைக் கொள்கைப் பக்கம், விளக்கக் காணொளி எல்லாம் கேட்பார்கள். முழு 'டிரைவ்' அதற்கும் மேலான கட்டுப்பாட்டு வகை. 'டிரைவ்.ஃபைல்' உணர்திறன் இல்லாத வகை, அந்த அலைச்சல் ஒன்றும் கிடையாது. குறைவாகக் கேட்பவனுக்கு வேலையும் குறைவு.

ஒரு விளைவை மட்டும் தெரிந்து வையுங்கள். நீங்கள் கையால் முன்பே செய்து வைத்த ஷீட்டை இந்த ஸ்கோப்பால் திறக்க முடியாது. கோப்பே இல்லை என்று 404 வரும். ஆகவே முதல் தரம் புரோகிராமே ஷீட்டை உருவாக்கட்டும். அதன் அடையாள எண்ணை ஒரு சின்ன உரைக்கோப்பில் சேமியுங்கள். பிறகு உலாவியில் அந்த ஷீட்டைத் திறந்து தலைவருக்கும் செயலாளருக்கும் பார்க்க மட்டும் பகிர்ந்து விடுங்கள்.

6. நிரலில் என்ன வரிசை

முறையான வரிசை இது. முதலில் 'டோக்கன்.ஜேசன்' கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'கிரெடென்ஷியல்ஸ்' வகுப்பின் 'ஃப்ரம் ஆதரைஸ்ட் யூசர் ஃபைல்' மூலம் ஏற்றுங்கள். செல்லுபடியாக இருந்தால் நேரே வேலைக்குப் போகலாம். காலாவதியாகி, உள்ளே ரிஃப்ரெஷ் டோக்கன் (புதிய துண்டு வாங்க உதவும் நீண்டகாலத் துண்டு) இருந்தால் 'ரிஃப்ரெஷ்' பண்ணுங்கள். இரண்டும் இல்லாதபோது மட்டும் 'இன்ஸ்டால்ட் ஆப் ஃப்ளோ'வை 'கிரெடென்ஷியல்ஸ்.ஜேசன்' கொண்டு தொடங்கி, 'ரன் லோக்கல் சர்வர்' என்பதைப் போர்ட் 0 (காலியாக உள்ள எதையும் எடு என்று பொருள்) கொடுத்து அழையுங்கள். கடைசியில் 'டு ஜேசன்' முறையால் வருவதை 'டோக்கன்.ஜேசன்' கோப்பில் எழுதுங்கள்.

ஷீட்டைத் திறக்கக் காட்டும் துண்டான அக்சஸ் டோக்கனுக்கு ஆயுள் ஒரு மணித்தியாலம். ரிஃப்ரெஷ் டோக்கன் இருந்தால் அடுத்ததை லைப்ரரி தானே வாங்கும், பயனரைக் கேட்காது. அமைப்புக்குக் கொடுக்க முதல் சோதித்துப் பார்த்த நிரலில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஐயாவிடம் உலாவியில் அனுமதி கேட்டது. அவர் வாசிக்காமலே அமத்தப் பழகிவிட்டார். நாளைக்கு வேறு யாராவது கேட்டாலும் அப்படித்தான் அமத்துவார்.

'ரிஃப்ரெஷ்' செய்யும் இடத்தில் 'ரிஃப்ரெஷ் எரர்' வந்தால் பிடித்து, பழைய டோக்கன் கோப்பை அழித்து, அனுமதித் திரையைத் திரும்பத் திறக்கிற மாதிரி எழுதுங்கள். அந்த எட்டாம் நாள் காலை இந்த நாலு வரி இருந்திருந்தால் கொப்பி வெளியே வந்திருக்காது.

7. முதல் தரம் அனுமதி கொடுக்கும்போது

புரோகிராமை ஓட்டியதும் உலாவி திறந்து, கணக்கைக் கேட்டு, அனுமதியைக் கேட்டு, முடிந்ததும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரிக்குத் திரும்பும். அது அதே கணினியைக் குறிக்கிறது. கணினியில் உலாவி மெதுவாக இருக்கிறதென்று அந்த இணைப்பைப் போனுக்கு அனுப்பித் திறந்தால், அனுமதியெல்லாம் கொடுத்த பிறகு 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று போன் சொல்லும். பிழை இணையத்தில் இல்லை. போன் தனக்குள்ளேயே தேடுகிறது. புரோகிராம் ஓடுகிற அதே கணினியில் செய்யுங்கள்.

உலாவி ஒரு குறியீட்டைக் காட்டும், அதைப் பிரதி எடுத்துக் கறுப்புத் திரையில் ஒட்டு என்று சொல்லும் காணொளிகளை விட்டுவிடுங்கள். அந்த முறையை 2023 ஜனவரி 31 உடன் கூகுள் முழுதாக மூடிவிட்டது.

'அக்சஸ் பிளாக்ட்' என்று 403 வந்தால், 'ஆடியன்ஸ்' பக்கத்தில் அந்த மின்னஞ்சலைச் சோதனைப் பயனராகச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்த பகுதியில் வரும் 'டெஸ்டிங்' நிலையில் சோதனைப் பயனர்கள் மட்டுமே நுழையலாம்.

இன்னொன்று. ஐயாவின் மடிக்கணினி பழையது. கரண்ட் நின்று மின்கலமும் முழுதாக இறங்கினால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது கூகுளோடு பேசப் போனால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை வரும். நான் லைப்ரரியை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் திரையின் வலது மூலையில் திகதியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உள்ளே இருக்கிற நாணயம் போன்ற சிறு மின்கலத்தை மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. இணைப்பு வரவில்லையென்றால் எல்லாவற்றுக்கும் முதல் திகதியைப் பாருங்கள்.

8. ஏழு நாள் கண்ணி

எட்டாம் நாள் நின்றதற்குக் காரணம் இதுதான். 'எக்ஸ்டர்னல்' வகைப் புராஜெக்ட் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கும்வரை, பெயர், மின்னஞ்சல் போன்ற அடிப்படை விவரங்களுக்கு மேல் எதைக் கேட்டாலும், கொடுக்கப்படும் ரிஃப்ரெஷ் டோக்கன் ஏழு நாளில் காலாவதியாகும். நிரலில் எங்கும் இதற்கு எச்சரிக்கை வராது.

தீர்வு: 'ஆடியன்ஸ்' பக்கத்தில் 'பப்ளிஷ் ஆப்' என்ற பொத்தானை அமத்தி 'இன் புரொடக்ஷன்' நிலைக்கு மாற்றுங்கள். ஐந்தாம் பகுதியில் சொன்ன சின்ன ஸ்கோப்பை மட்டும் கேட்டிருந்தால் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாற்றிய பிறகு பழைய 'டோக்கன்.ஜேசன்' கோப்பை அழித்து ஒருமுறை புதிதாக அனுமதி கொடுங்கள். இதை மறந்தால் நிலை மாறியும் பழைய டோக்கன் தன் நாளில் இறக்கும், நீங்கள் காரணத்தை வேறெங்கோ தேடுவீர்கள். ஸ்கோப்பை மாற்றினாலும் இதேபோல் அழித்துப் புதிதாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது காலக்கெடு ஆறு மாதம். அவ்வளவு காலம் பயன்படுத்தாத ரிஃப்ரெஷ் டோக்கன் செத்துவிடும். காலபோகத்துக்கு (மழைக்கால நெற்பருவம்) மட்டும் கணக்குப் பதிகிற அமைப்பென்றால் அடுத்த காலபோகம் வர இது நடக்கக்கூடும். சிறுபோகம் இல்லாத வருடமும் இடைக்கிடை ஒரு தரம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

9. பதியும்போது

ஷீட்டில் வரி சேர்க்க 'வேல்யூஸ் அப்பெண்ட்' போதும். அதில் 'வேல்யூ இன்புட் ஆப்ஷன்' என்று ஒரு தெரிவு கேட்கும். 'யூசர் எண்டர்ட்' கொடுத்தால், கையால் தட்டியது போல ஷீட் தானே பொருள்கொள்ளும்: 077 இல் தொடங்கும் தொலைபேசி எண் முன்பூச்சியத்தை இழந்து 77 ஆகும், 3/4 என்று எழுதிய திகதி ஷீட்டின் நாட்டு அமைப்பைப் பொறுத்து ஏப்ரலாகவோ மார்ச்சாகவோ மாறும். 'ரா' என்று கொடுத்து, தொலைபேசி எண்ணையும் திகதியையும் எழுத்துச் சரமாக அனுப்புங்கள். தொகையை மட்டும் எண்ணாக அனுப்புங்கள், கூட்ட வேண்டுமே.

பெயர்கள் தமிழில் இருக்கும். விண்டோஸில் கோப்பு திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் 'என்கோடிங்' யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள்.

அடையாள அட்டை எண்ணைப் பதியாதீர்கள். அங்கத்துவ இலக்கம் போதும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்த எண் பகிரப்படுகிற ஷீட்டில் கிடக்கக் கூடாது.

10. இரண்டு ஜேசன் கோப்புகள்

'கிரெடென்ஷியல்ஸ்.ஜேசன்' உங்கள் புரோகிராமின் அடையாளம். 'டோக்கன்.ஜேசன்' கையெழுத்து வைத்த துண்டு. இரண்டாவதுதான் ஆபத்தானது; அதை எடுத்தவர் கடவுச்சொல் இல்லாமலே ஷீட்டைத் திறக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். உதவி கேட்கும்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அந்தக் கோப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) நிரலை ஏற்ற முதல், ஏற்றக் கூடாதவற்றின் பட்டியலான 'கிட்இக்னோர்' கோப்பில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். தவறி ஏற்றிவிட்டு அடுத்த பதிவில் அழித்தால் போகாது, பழைய வரலாற்றில் அப்படியே கிடக்கும். அப்படி நடந்தால் கன்சோலின் 'கிளையண்ட்ஸ்' பகுதியில் புதிய 'கிளையண்ட் சீக்ரெட்' (புரோகிராமின் இரகசியக் குறியீடு) எடுத்துப் பழையதை முடக்குங்கள், டோக்கனையும் இரத்துச் செய்யுங்கள்.

11. பொருளாளர் மாறும்போது

புதிய நிர்வாகம் தெரிவானதும் நாலு வேலை. கணக்கின் கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் வெளிச் செயலிகளின் இணைப்புகள் என்ற பட்டியலில் உங்கள் புரோகிராமின் பெயரைத் தேடி அனுமதியை நீக்குங்கள். பழைய மடிக்கணினியில் கிடக்கிற டோக்கன் செல்லாமல் போகும். பிறகு புதியவரின் கணினியில் லைப்ரரியை நிறுவி, அதே 'கிரெடென்ஷியல்ஸ்.ஜேசன்' கோப்பைப் பென்டிரைவில் கொடுத்து, அனுமதித் திரையை அவரே வாசித்து அமத்தட்டும். பென்டிரைவில் உள்ளதை அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். புதிய பத்துக் குறியீடுகளை எடுத்து, பழைய உறையைக் கிழித்துவிட்டு, புது உறையை அதே பெட்டியில் வையுங்கள்.